பழைய காரின் செல்ஃப் மோட்டார்: அதே வகையைப் புதுப்பிப்பதா, கியர் ரிடக்ஷன் வகைக்கு மாறுவதா?

பதிவு 1 | மெல்லோட்டம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1950களின் பிற்பகுதியில் உருவான, நான்கு சிலிண்டர் கொண்ட பிரிட்டிஷ் கார். 12 வோல்ட் மின்னமைப்பு, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருப்பது), டைனமோ, இனர்ஷியா வகை செல்ஃப் மோட்டார் என எல்லாமே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருக்கின்றன. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செல்ஃப் ஓரளவு எடுத்துவிடுகிறது. நன்றாக ஓடிச் சூடேறிய பின் நிறுத்திவிட்டு மீண்டும் பட்டனை அழுத்தினால், அடுத்த சுற்று வருமா வராதா என்று ஐயப்படும் அளவுக்கு மெதுவாக இழுக்கிறது. சில வேளைகளில் மோட்டார் மட்டும் வீறிட்டுச் சுழல்கிறதே ஒழிய, பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பல்சக்கரம்) ரிங் கியரை (ஃபிளைவீலைச் சுற்றியிருக்கும் பல்வளையம்) போய்ப் பிடிப்பதில்லை.

பழைய மோட்டாரை ஓரங்கட்டிவிட்டு, இப்போது பரவலாகக் கிடைக்கும் கியர் ரிடக்ஷன் வகை மோட்டாரை (உள்ளே வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர் கொண்டது) பொருத்தலாம் என்று எண்ணியிருக்கிறேன். எடை ஏறத்தாழ பாதிதான். மின்சாரமும் குறைவாக இழுக்கும் என்கிறார்கள். "பழையதைக் கழற்றி இதை மாட்டினால் போதும், வேறு மாற்றம் எதுவும் தேவையில்லை" என்று விற்பனை விளக்கத்தில் போட்டிருக்கிறது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே என் கேள்வி. பழையதையே புதுப்பித்துப் போடுவது மேல் என்று கருதுபவர்கள் காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | செம்புக்கம்பி

எந்த மோட்டார் என்பதைப் பிறகு பேசுவோம். மோட்டாருக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது என்று முதலில் அளந்தீர்களா? "சூடானால் செல்ஃப் இழுக்கவில்லை" என்று வரும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் பாதிக் குற்றவாளிதான். மீதிக் குற்றம் கேபிளிலும் எர்த்திலும் இருக்கும்.

கணக்கு எளிது. இப்படிப்பட்ட இன்ஜினைச் சுற்றும்போது மோட்டார் 150 ஆம்பியர் அளவில் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கோ ஓர் இணைப்பில் 0.01 ஓம் மின்தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கே கரைந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இந்த அளவைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் மின்சாரம் ஓடும்போதே வோல்ட் இழப்பை அளக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய கம்பியைக் கழற்றி, இன்ஜின் பற்றிக்கொள்ளாமல் செய்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும். உதவிக்கு ஒருவர் பட்டனை அழுத்த, முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் மேல் வைக்காமல் ஈய முனையின் மேலேயே மீட்டரின் ஊசியை வைக்க வேண்டும். அடுத்து செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே. பிறகு பேட்டரியின் எர்த் முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே. கடைசியாகப் பேட்டரியின் மறுமுனைக்கும் மோட்டாரின் முனைக்கும் இடையே. சோலனாய்டுக்குள் (பட்டனை அழுத்தினால் தடித்த கேபிளை இணைக்கும் காந்தச் சுவிட்ச்) இருக்கும் தொடுமுனைகளின் இழப்பும் இந்த அளவில் சேர்ந்து வரும். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். அடுத்த முறைக்கு முன் மோட்டாருக்குச் சற்று ஓய்வு கொடுங்கள்.

பேட்டரி முனையில் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். கம்பிப் பக்கத்தில் 0.5 வோல்ட், எர்த் பக்கத்தில் 0.2 அல்லது 0.3 வோல்ட் என்பது பொறுத்துக்கொள்ளத்தக்க இழப்பு. அதற்கு மேல் போனால் புது மோட்டார் வாங்கி மாட்டினாலும் அதே நோய்தான்.

இன்னொன்று. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை அறுந்தோ துருப்பிடித்தோ போனால், மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விடை கையிலேயே இருக்கிறது.

பதிவு 3 | கரிப்பிரஷ்

செம்புக்கம்பி சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் பினியன் போய்ச் சேராமல் மோட்டார் வெறுமனே சுழல்வது வேறு கோளாறு. அதைக் கேபிளை மாற்றித் தீர்க்க இயலாது.

இனர்ஷியா வகையில் பினியனைத் தள்ளிவிட லீவரோ சோலனாய்டோ கிடையாது. மோட்டாரின் தண்டில் திருகுமரை வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. அதன் மேல் பினியன் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. தண்டு சட்டென்று வேகமெடுக்கும்போது பினியன் தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலே அதை மரையின் வழியாக நகர்த்தி ரிங் கியருக்குள் செலுத்துகிறது. இன்ஜின் பற்றிக்கொண்டு ரிங் கியர் முந்தியதும், பினியன் அதே மரையில் திரும்பி வீட்டுக்கு வந்துவிடும். எல்லோரும் பெண்டிக்ஸ் என்று அழைப்பது இந்த அமைப்பைத்தான்.

ஆகவே மரையில் பிசுக்கு இருந்தால் பினியன் பின்தங்காமல் தண்டோடு ஒட்டிக்கொண்டு சுழலும். நீங்கள் கேட்ட வீறிடும் ஒலி அதுவே. இங்கே ஒரு பழைய தவறு தொடர்ந்து நடக்கிறது: ஒட்டிக்கொள்கிறதே என்று பலர் கிரீஸ் தடவிவிடுகிறார்கள். சில நாள் நன்றாக வேலை செய்யும். பிறகு கிளட்ச் தூசி அந்த கிரீஸில் படிந்து பசையாகி, முன்னைவிட மோசமாகிவிடும். மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, அப்படியே உலர்ந்த நிலையில் மாட்டுங்கள்.

மோட்டாரைப் பிரிக்கும்போது கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ்கள் உராயும் செம்புப் பட்டை உருளையை, பாருங்கள். கருத்திருந்தால் நுண்ணிய கண்ணாடித்தாளால் சுத்தம் செய்யலாம். உப்புத்தாளில் சிலவகை மின்சாரத்தைக் கடத்தும் துகளை விட்டுச் செல்லும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. செம்புப் பட்டைகளுக்கு இடையே இருக்கும் மைக்காவை டைனமோவில் சற்றுத் தாழ்த்தி வெட்டுவது வழக்கம். செல்ஃப் மோட்டாரில் அப்படிச் செய்யக் கூடாது என்று லூகாஸ் கையேடுகளே தெளிவாகச் சொல்கின்றன. டைனமோவில் கைபழகியவர்கள் பழக்கதோஷத்தில் வெட்டிவிடுவார்கள், எச்சரிக்கையாக இருங்கள்.

தண்டைத் தாங்கும் புஷ்கள் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) ஒரு பக்கம் சாய்ந்து, போல் ஷூவின் (அதைச் சுற்றி நிற்கும் காந்த இரும்புத் துண்டு) மேல் உராயும். உராய்ந்த இடம் பளபளவென்று தெரியும், தேடவே வேண்டாம். சூடானால் மெதுவாவதற்கு அதுவும் ஒரு காரணம். புதிய வெண்கலப் புஷ்ஷை மாட்டும் முன் ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறவிடுங்கள். நுண்துளைகள் கொண்ட அந்த உலோகம் ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டால்தான் ஆயுள் வரும்.

பதிவு 4 | எதிர்முனை

விற்பனை விளக்கத்தின் "வேறு மாற்றம் எதுவும் தேவையில்லை" என்ற வாசகத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கார் பாசிட்டிவ் எர்த். அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு மேலே பேசுபவர்கள் மிகச் சிலரே.

உங்கள் பழைய மோட்டாரில் காந்தப்புலத்தை உருவாக்குவது ஃபீல்டு காயில். அது ஆர்மேச்சரோடு தொடராக இணைந்திருக்கிறது. பேட்டரியைத் திருப்பிப் போட்டால் ஃபீல்டிலும் திசை மாறும், ஆர்மேச்சரிலும் மாறும்; இரண்டும் சேர்ந்து மாறுவதால் மோட்டார் சுழலும் திசை மாறாது. எனவே பழைய மோட்டாருக்கு எர்த் எந்தப் பக்கம் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை.

இப்போது வரும் சிறிய கியர் ரிடக்ஷன் மோட்டார்களில் ஒரு பகுதி நிலைக்காந்த வகை. அங்கே காந்தப்புலத்தின் திசை நிரந்தரமானது. ஆர்மேச்சரில் மின்சாரத்தின் திசை மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். பாசிட்டிவ் எர்த் காரில் அதை அப்படியே மாட்டிப் பட்டனை அழுத்தினால், சோலனாய்டு ஒழுங்காக உள்ளிழுக்கும், பினியன் ரிங் கியரைப் பிடிக்கும், மோட்டாரும் உற்சாகமாகச் சுழலும், ஆனால் இன்ஜின் அசையாது. ஏனென்றால் பினியனுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழிக் கிளட்ச் அந்தத் திசையில் வழுக்கிக்கொள்ளத்தான் செய்யும். மோட்டார் பழுது என்று திருப்பி அனுப்புவார்கள். விற்றவர் மேசையில் சோதித்து, நன்றாக இருக்கிறது என்பார். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

கியர் ரிடக்ஷன் வகையிலேயே ஃபீல்டு காயில் சுற்றப்பட்டவையும் உண்டு. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முன் எப்படி அறிவது என்றால், ஃபீல்டு காயில் வகையின் உருளை உடலில் போல் ஷூவைப் பிடித்திருக்கும் பெரிய தட்டைத்தலைத் திருகுகள் பெரும்பாலும் வெளியே தெரியும். நிலைக்காந்த வகையின் உடல் வழுவழுப்பாக இருக்கும். ஐயம் இருந்தால் விற்பவரிடம் நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாம் என்பது மூன்றாவது வழி. அது பலர் நினைப்பது போலப் பேட்டரியைத் திருப்பி வைப்பதோடு முடிவதில்லை. டைனமோவை மறுபடி துருவப்படுத்த வேண்டும்: அதன் எஃப் (ஃபீல்டு) முனையில் இருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு கம்பியை அந்த முனையில் ஒரு நொடி தொட்டு எடுப்பது. இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். அம்மீட்டர் இருந்தால் அதன் கம்பிகளையும். ரேடியோவும், டயோடு கொண்ட எரிபொருள் பம்பும் இருந்தால் அவற்றை முதலில் கழற்றிவிடுங்கள், பேட்டரியை அப்புறம் தொடுங்கள்.

பதிவு 5 | லேத்மேடை

மின்சாரம் பேசுகிறவர்கள் பேசியாயிற்று. இனி பல்லைப் பார்ப்போம்.

இனர்ஷியா வகையிலிருந்து பிரீ என்கேஜ்டு வகைக்கு (சோலனாய்டு முதலில் பினியனை ரிங் கியரில் சேர்த்துவிட்டுப் பிறகு மோட்டாரைச் சுழற்றுவது; நீங்கள் வாங்க நினைப்பதும் இந்த வகையே) மாறுவது மோட்டாரை மட்டும் மாற்றும் வேலையாக உற்பத்தியாளர்களுக்கே இருந்ததில்லை. 1967 இறுதியில் எம்ஜிபி காரின் மார்க் 2 வந்தபோது செல்ஃப் பிரீ என்கேஜ்டு வகைக்கு மாறியது. அதற்காக ரிங் கியரும் இன்ஜினின் பின்தகடும் மாறின. மினி காரில் இனர்ஷியா வகைக்கு 107 பற்கள் கொண்ட ரிங் கியர். பிற்காலத்தில் வந்த பிரீ என்கேஜ்டு வகைக்கு 129 பற்கள். ஒன்றின் மோட்டாரை மற்றொன்றின் ஃபிளைவீலோடு சேர்த்தால் சிறிது நேரத்தில் உலோகத்தூள்தான் மிஞ்சும்.

உங்கள் காருக்கென்றே செய்ததாகச் சொல்லும் மோட்டாரில் பினியன் பழைய ரிங் கியருக்கு ஏற்றபடி வெட்டப்பட்டிருக்கலாம். நல்ல தயாரிப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இருந்தாலும் நீங்களே சரிபாருங்கள். பற்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல்லின் அளவு பழைய பிரிட்டிஷ், அமெரிக்க கார்களில் டயமெட்ரல் பிட்ச் (ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பற்கள்) முறையிலும், ஐரோப்பிய, ஜப்பானியத் தயாரிப்புகளில் மாட்யூல் (ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம்) முறையிலும் இருக்கும். 25.4 என்பதை டயமெட்ரல் பிட்ச்சால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 10 பிட்ச் என்றால் 2.54 மாட்யூல், இதற்கு நெருங்கிய மெட்ரிக் அளவு 2.5. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கடித்துக்கொள்ளவும் செய்யும், ஆனால் தேய்மானம் வேகமாக வரும்.

வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் மாட்யூல் வரும் என்ற சூத்திரம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செல்ஃப் பினியனுக்கு அதை நம்ப வேண்டாம். 9 அல்லது 10 பற்களே உள்ள பினியனில் பல்லின் அடிப்பகுதி மெலிந்துவிடாமல் இருக்க, வடிவத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டுவார்கள்; அதனால் வெளிவிட்டம் கூடுதலாக இருந்து கணக்கைக் கெடுக்கும். ரிங் கியரில் அளப்பதே நம்பத்தக்கது.

அடுத்து, பல்லின் நுனிச்சரிவு. பினியன் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கத்து விளிம்பில்தான் ரிங் கியரின் பற்கள் சரித்து வெட்டப்பட்டிருக்கும். இனர்ஷியா வகையில் பினியன் மோட்டாரை நோக்கி உள்வாங்கும் அமைப்பும் உண்டு, மோட்டாரிலிருந்து விலகி வெளியேறும் அமைப்பும் உண்டு. பிரீ என்கேஜ்டு வகையில் பினியன் மோட்டாரிலிருந்து விலகியே பாயும். உங்கள் காரில் உள்வாங்கும் அமைப்பு என்றால், புதிய மோட்டாரின் பினியன் சரிவில்லாத தட்டையான பக்கத்தில் மோதும். தேய்ந்த பழைய ரிங் கியரில் ஒரு மாதிரியாகத் தப்பித்துக்கொள்ளும். சில வேளை மோதிக்கொண்டே நிற்கும்.

மோட்டாரை மேசையில் வைத்து, பொருத்தும் முகத்திலிருந்து ஓய்வு நிலையில் பினியனின் நுனி எவ்வளவு தூரம் என்று அளந்து, பெல் ஹவுசிங்கின் (ஃபிளைவீலை மூடியிருக்கும் உறை) முகத்திலிருந்து ரிங் கியர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். ஓய்வு நிலையில் இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும். இன்ஜின் ஓடும்போது ரிங் கியர் பினியனை உரசிக்கொண்டிருந்தால் ஒலியே காட்டிக்கொடுக்கும்.

ஒலியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்க்கிறேன். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்யும் மோட்டார்களில், இன்ஜின் பற்றுவதற்கு முன் சுற்றும்போதே கீச்சென்ற ஒலி வந்தால் பினியன் ரிங் கியரிலிருந்து அதிகம் விலகியிருக்கிறது என்று பொருள். இன்ஜின் பற்றிய பின், பட்டனை விடும் தறுவாயில் அந்த ஒலி வந்தால் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கிறது.

பதிவு 6 | கைச்சாவி

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 1912இல் கேடிலாக் காரில் மின்சாரச் செல்ஃப் வருவதற்கு முன்பு பெரும்பாலோர் கையால் சுற்றித்தான் கிளப்பினார்கள். உங்களுடையது போன்ற 1950களின் காரில் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி இருக்கிறதே! நல்ல நிலையில் உள்ள இன்ஜினும் சரியான இக்னிஷன் டைமிங்கும் இருந்தால் சூடான இன்ஜின் அரைச் சுற்றில் பற்றிக்கொள்ள வேண்டும்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. டைமிங் அளவுக்கு மீறி முன்னால் இருந்தால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து, செல்ஃபை எதிர்த்துத் தள்ளும். சூடான இன்ஜினில் அது இன்னும் மோசம். காயில் கம்பியைக் கழற்றிவிட்டுச் சுற்றும்போது நன்றாகச் சுழன்று, மாட்டியபின் இழுத்தால், கோளாறு செல்ஃபில் இல்லை.

பதிவு 7 | மெல்லோட்டம்

எல்லோருக்கும் நன்றி. அளக்காமல் வாங்கக் கூடாது என்பது விளங்குகிறது. அளவுகளை வார இறுதியில் எடுத்து எழுதுகிறேன். அதற்குள் ஓர் ஐயம். புதிய வகைக்குப் போவது என்று முடிவானால் வயரிங் எப்படி? இப்போது சோலனாய்டு மோட்டாரில் இல்லை; இன்ஜின் அறையின் தடுப்புச்சுவரில் தனியாக இருக்கிறது. புதிய மோட்டாரின் முதுகிலேயே ஒரு சோலனாய்டு இருக்கிறது. பழையதை எடுத்துவிட வேண்டுமா?

பதிவு 8 | செம்புக்கம்பி

எடுக்க வேண்டாம். வேலையை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

புதிய சோலனாய்டுக்குள் இரண்டு கம்பிச்சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று உள்ளிழுக்கும் சுற்று, மற்றது பிடித்து வைக்கும் சுற்று. உள்ளிழுக்கும் சுற்று மோட்டாரின் வழியாக எர்த் ஆகிறது. தொடுமுனைகள் மூடியதும் அதன் இரு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் அதில் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் அந்தத் தொடக்க நொடியில் பல பத்து ஆம்பியர் இழுக்கும். உங்கள் பழைய பட்டனும் மெல்லிய கம்பியும் அதற்காக உருவானவை அல்ல. அதற்கு மேல், செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே இருக்கும் சோலனாய்டு 60 டிகிரி சூடேறினால் அதன் சுற்றின் மின்தடை 23 விழுக்காடு உயர்ந்து, இழுக்கும் வலிமை கணிசமாகக் குறையும். சூடான இன்ஜினில் 'டக்' என்ற ஒலி மட்டும் வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே சோலனாய்டுக்குப் போகும் கம்பி தடிமனாகவும் வழி குறுகியதாகவும் இருக்க வேண்டும்.

இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதல் வழியில், பழைய சோலனாய்டிலிருந்து வரும் தடித்த கேபிளைப் புதிய மோட்டாரின் பேட்டரி முனையில் கட்டி, அந்த முனையையும், சோலனாய்டை இயக்கும் சிறு தூண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவார்கள். எளிதுதான். ஆனால் நிலைக்காந்த மோட்டாரில் இதைச் செய்தால், பட்டனை விட்ட பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஒரு டைனமோ போல மின்சாரத்தை உண்டாக்கி, அந்தத் துண்டுக் கம்பி வழியாகத் தன் சோலனாய்டையே பிடித்து வைத்துக்கொள்ளும். பினியன் விடுபடத் தாமதமாகும். கிர்ரென்று இழுத்துக்கொண்டே ஓயும். ஒருவழிக் கிளட்சுக்கு அது நல்லதல்ல.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. பேட்டரியின் தடித்த கேபிளை நேராகப் புதிய மோட்டாரின் பேட்டரி முனைக்குக் கொண்டுபோங்கள். பழைய சோலனாய்டை ஒரு ரிலேயாக வைத்துக்கொண்டு, அதன் வெளியேறும் முனையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைத் தூண்டு முனைக்குக் கொடுங்கள். பட்டன் பழைய சோலனாய்டின் சுமையை மட்டுமே தாங்கும். தடுப்புச்சுவரில் பார்வைக்கும் எதுவும் மாறாது. ஒன்றை மறக்காதீர்கள்: இனர்ஷியா அமைப்பில் பட்டனை அழுத்தாத நேரம் மோட்டாருக்குப் போகும் கேபிளில் மின்சாரம் இல்லை. இந்த மாற்றத்துக்குப் பின் அந்தக் கேபிள் எப்போதும் உயிருள்ளது. எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, உராயும் இடங்களில் உறை போட்டு, முனைக்கு ரப்பர் மூடி மாட்டுங்கள்.

பிற்காலக் கார் வைத்திருப்பவர்கள் படித்தால், அவர்களுக்கு ஒரு குறிப்பு: பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்தடை) கொண்ட இக்னிஷனில், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் காயிலுக்கு முழு மின்னழுத்தம் கொடுக்கும் ஒரு சிறு முனை சோலனாய்டில் இருக்கும். மோட்டாரை மாற்றும்போது அதை அநாதையாக விட்டுவிட்டு, பிறகு "நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பட்டனை விடும்போதுதான் பற்றுகிறது" என்று எழுதுவார்கள்.

பதிவு 9 | ஆறுவோல்ட்

இழையின் ஓரத்தில் ஒதுங்கி 6 வோல்ட் கார்களுக்காகக் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன். அதே திறனுக்கு இங்கே இரு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். அதே கேபிளில் இரு மடங்கு வோல்ட் இழப்பு, அதுவும் பாதி வோல்ட்டிலிருந்து. 12 வோல்ட் காருக்கான கேபிளை வாங்கி 6 வோல்ட் காரில் மாட்டிவிட்டு, செல்ஃப் செத்துவிட்டது என்று அறிவிப்பவர்கள் ஏராளம். 50 முதல் 70 சதுர மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கேபிளைப் போட்டுவிட்டுப் பேசலாம்.

காரை 12 வோல்ட்டுக்கு மாற்றி, 6 வோல்ட் செல்ஃபை அப்படியே விடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். விடலாம், சுழலும், கொஞ்ச நேரத்துக்குள் இன்ஜினும் பற்றிக்கொள்ளும் என்பதால் மோட்டாரின் காயில் எரிவதில்லை. அடி வாங்குவது பெண்டிக்ஸ் ஸ்பிரிங்கும் ரிங் கியரும். பினியன் பாயும் வேகம் அப்படி. ஆனால் 6 வோல்ட் சோலனாய்டை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 6 வோல்ட் ஃபிளைவீலில் 109 பற்கள். 12 வோல்ட் ஃபிளைவீலில் 130 பற்கள், விட்டமும் பெரிது. செல்ஃப் தண்டின் நுனியைத் தாங்கும் புஷ் மோட்டாரில் இல்லை, கியர்பாக்ஸின் உடலில் இருக்கிறது. மோட்டாரை மாற்றும்போது அந்த புஷ்ஷையும் தண்டுக்குத் தகுந்ததாக மாற்றவில்லை என்றால், புதிய மோட்டாரும் சீக்கிரமே கரகரக்கும்.

பதிவு 10 | மெல்லோட்டம்

அளவுகளை எடுத்துவிட்டேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது, காயில் கம்பியைக் கழற்றிவிட்டுச் சுற்றியதில்: பேட்டரி முனைகளில் 10.6 வோல்ட்; மோட்டாரில் 8.3. எர்த் பக்கம் மட்டும் 1.5 வோல்ட் இழப்பு, மறுபக்கம் 0.8. எர்த் பட்டை கியர்பாக்ஸ் மேல் கட்டிய இடத்தில் வாஷருக்கு அடியில் பெயின்ட்டும், அதற்கடியில் துருவும் இருந்தன. பட்டையின் பின்னலில் பாதி இழைகள் பச்சைப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தன. மோட்டாரின் பொருத்து முகத்திலும் யாரோ அழகாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

பட்டையைப் புதிதாக மாற்றி, முகங்களை வெறும் உலோகம் தெரியத் தேய்த்து, தடுப்புச்சுவர் சோலனாய்டையும் மாற்றியபின் பேட்டரியில் 10.2, எர்த் இழப்பு 0.2, மறுபக்கம் 0.4, மோட்டாரில் 9.6 வோல்ட். சுழலும் வேகத்தில் தெரியும் வேறுபாட்டை மீட்டர் இல்லாமலே உணர முடிகிறது. பேட்டரியில் வோல்ட் குறைந்திருப்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

பெண்டிக்ஸைக் கரிப்பிரஷ் சொன்னபடி கழுவினேன். மண்ணெண்ணெய் தார் நிறத்துக்கு மாறியது. வீறிடுவது நின்றுவிட்டது. ஆனால் பட்டனை அழுத்தும்போது எப்போதாவது ஒருமுறை பினியன் சிக்கிக்கொண்டு, மோட்டார் தண்டின் பின்னால் இருக்கும் சதுர முனையை ஸ்பேனரால் திருப்பி விடுவிக்க வேண்டியிருக்கிறது. ரிங் கியரைத் துளை வழியாகப் பார்த்ததில், நேர் எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் பற்கள் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. மற்ற இடங்களில் புதிது போல இருக்கின்றன.

பதிவு 11 | செம்புக்கம்பி

பேட்டரியில் குறைந்தது நல்ல அறிகுறி. வழியில் தடை குறைந்ததால் மோட்டார் இப்போது அதிக ஆம்பியர் இழுக்கிறது, அதனால் பேட்டரி சற்றுக் கூடுதலாக இறங்குகிறது. மோட்டாருக்கு 1.3 வோல்ட் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, அதுதான் கணக்கு. இனி கியர் ரிடக்ஷன் மோட்டாருக்குச் செலவழிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பதிவு 12 | எதிர்முனை

எனக்குத் தெரிகிறது. இனர்ஷியா வகையில் ஒவ்வொரு முறையும் சுழலும் பினியன் நிற்கும் ரிங் கியரில் போய் மோதுகிறது. பிரீ என்கேஜ்டு வகையில் பல் சேர்ந்த பிறகுதான் முழு மின்சாரமும் மோட்டாருக்குப் போகிறது. கிரைஸ்லர் 1962இலேயே செல்ஃபுக்குள் 3.5க்கு 1 என்ற விகிதத்தில் கியரை வைத்தது வெறும் புதுமை மோகத்தால் அல்ல. தினமும் ஓட்டும் காருக்கு நான் இன்றும் மாறச் சொல்வேன். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் காருக்கு இவர் செய்தது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு 13 | லேத்மேடை

இரண்டு இடத் தேய்மானம் இயல்பானதே. நான்கு சிலிண்டர் இன்ஜினை நிறுத்தும்போது, ஏதோ ஒரு சிலிண்டரின் அழுத்தத்தை வெல்ல முடியாமல்தான் நிற்கிறது. அது ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒருமுறை வருவதால் ஃபிளைவீலில் இரண்டு இடங்கள். ஆறு சிலிண்டரில் மூன்று. பினியன் முதலில் மோதுவது எப்போதும் அந்த இடங்களில்தான். கைப்பிடியால் ஒரு கால் சுற்றுச் சுற்றிவிட்டுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். சிக்காமல் இருந்தால் ஐயமே வேண்டாம்.

கிளட்சுக்காகவோ வேறெதற்காகவோ கியர்பாக்ஸ் இறங்கும் நாளில், ரிங் கியரைக் கழற்றி 90 டிகிரி தள்ளிப் பொருத்திவிடலாம். தேயாத பற்கள் வேலைக்கு வரும், நுனிச்சரிவும் அதே பக்கம் இருக்கும். சிலர் வளையத்தைத் திருப்பிப் போடுவார்கள். அப்போது சரிவில்லாத பக்கம் பினியனுக்கு எதிரே வந்துவிடும் என்பதால் புதிதாகச் சரித்து வெட்ட வேண்டியிருக்கும். அதற்குப் புது வளையமே மேல்.

கழற்றும்போது ஃபிளைவீலைச் சூடாக்காமல் வளையத்தை மட்டும் சூடாக்கி, பல இடங்களில் மாறி மாறித் தட்டி இறக்குங்கள். புதிய வளையம்தான் என்று முடிவானால் பழையதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. இரண்டு பற்களுக்கு இடையே துளைபோட்டு உளியால் பிளந்துவிடலாம், கண்ணாடி அணிந்துகொண்டு. பொருத்துவதற்கு, 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் 200 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் விரியும். அறை வெப்பத்தில் இருக்கும் ஃபிளைவீலின் மேல் விழுந்து உட்கார அது தாராளம். வளையத்தில் ஓரிடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்து நிறத்தைக் கவனியுங்கள். வைக்கோல் மஞ்சள் 220 டிகிரிக்கு அருகே தோன்றும், நீலம் 300 டிகிரிக்கு அருகே. நீலத்தைத் தாண்டினால் பல்லின் கடினத்தன்மை போய்விடும். உங்கள் காரின் கையேடு வெப்பநிலை குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சமையல் அடுப்பின் ஓவன் சீராகச் சூடாக்கும். தீச்சுடரைவிட அதைத்தான் நான் நம்புவேன், வீட்டில் அனுமதி கிடைத்தால். வளையம் இறங்கியதும் தோளில் முழுதாகப் பொருந்திவிட்டதா என்று உடனே சுற்றிலும் தட்டிப் பார்த்துவிட்டு, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பதிவு 14 | மெல்லோட்டம்

கைப்பிடியால் கால் சுற்றுத் திருப்பிய பின் அழுத்தினால் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. கிளட்ச் தட்டு எப்படியும் முடியும் நிலையில் இருப்பதால், அதோடு சேர்த்து வளையத்தை 90 டிகிரி தள்ளிப் போட்டுவிடுகிறேன். அதுவரை சதுர முனைக்கான ஸ்பேனர் காரிலேயே இருக்கும்.

பதிவு 15 | கரிப்பிரஷ்

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே மோட்டாரையும் வெளியே எடுத்து, முனைப் புஷ்களையும் பிரஷ்களையும் பார்த்துவிடுங்கள். பிரஷ் தன் கூட்டில் தடையின்றி வழுக்கி இறங்குகிறதா என்று விரலால் இழுத்துப் பாருங்கள்; ஒட்டிக்கொண்டால் பிரஷ்ஷின் பக்கங்களை மென்மையான அரத்தால் ஓரிரு முறை தேய்த்தால் போதும். புதிய பிரஷ் போடுவதாக இருந்தால், கம்யூட்டேட்டரின் மேல் நுண்ணிய கண்ணாடித்தாளைச் சுற்றி, அதன் வளைவுக்கு ஏற்றபடி முகத்தை உராய்த்துக் கொண்டுவந்து, தூளை ஊதித் துடைத்துவிட்டு மூடுங்கள்.